கைகாட்டி இல்லாத பெயர்

மிதவைச் சந்தையில் ஒரு மனிதப் பெயரின் விலை பதினேழு வெள்ளி. வெற்றிலை பாக்கு தனி. பெயரை அழிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.

பெயர் என்றால் வீட்டில் கூப்பிடும் பெயர் அல்ல, பெயரகம் என்ற இயந்திரத்தில் ஏறிய பெயர். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதந்த அந்த ஊரில் சாவியே இல்லை. கதவு, குழாய், தராசு எல்லாம் முகத்தைப் பார்க்கும், பெயரகத்தைக் கேட்கும், ‘நம்ம ஆள்தான்’ என்று பதில் வந்தால்தான் அசையும். புதுப் பெயர் ஏற வேண்டுமானால், அதற்கு முன்பே ஏறிய ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கைகாட்ட வேண்டும். காட்டியவரின் கீழே அந்தப் பெயர் தொங்கும்.

பெயரகத்தைக் கட்டிய ஜெசிந்தாவுக்கு ஆறு வருடமாகப் பெயர் இல்லை. சந்தையின் மூத்த பெயர்கள் எல்லாம் செத்துப்போய் அவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். தலைவர் தவசிலிங்கத்துக்குச் சந்தையின் முதற்பெயராக வேண்டும் என்று ஆசை. ஒரு பொத்தான்தான், அவள் பெயர் அழிந்தது. ‘கை தவறிட்டு’ என்று அப்புறம் சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து, யாராவது கதவு திறந்தால் அது மூட ஐந்து எண்ணுவதற்குள் அவர்கள் முதுகோடு ஒட்டி நுழைந்து பிழைத்தாள். புருஷன் சேவியருக்கு மூச்சு அடங்கிய அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்து முடித்தாள்.

இப்போது பெயரகத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. பெயரகம் செத்ததும், தீ விபத்துக்கான விதிப்படி எல்லாக் கதவும் திறந்துகொண்டன. வியாபாரிகள் அத்தனை பேரும் அவரவர் கடை வாசலில் சப்பணம் போட்டுக் காவல். தவசிலிங்கமே அவளை இயந்திர அறைக்குக் கூட்டி வந்தார்.

“நேத்தைய நகல் இருக்கு. அப்படியே ஏத்திவிட வேண்டியதுதான?”

“ஏத்துதேன் அண்ணாச்சி.”

ஏற்றினாள். திரையில் சிவப்பு வரி விழுந்தது: ‘தவசிலிங்கம். கைகாட்டி இல்லை.’ அவருக்குக் கீழே தொங்கிய அத்தனை பெயர்களும் வரிசையாக அதே சிவப்பில் விழுந்தன.

“என்னது இது?”

“உங்க கைகாட்டி யாரு?”

அவர் தொண்டையைக் கனைத்தார். “நான்தான்.”

முதற்பெயர் இன்னொருவரின் கீழே தொங்குவது மரியாதை இல்லை என்று, அவளை அழித்த கையோடு தனக்குத் தானே கைகாட்டியிருந்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஒரு பெயரும் இல்லாத வெறும் பலகையில் ஒவ்வொன்றாக ஏற்றும்போதுதான் சிக்கல். அவர் உள்ளே வர, அவர் ஏற்கனவே உள்ளே இருக்க வேண்டும்.

“வேற யாரையாச்சும் காட்டச் சொல்லு.”

“உங்களுக்கு மூத்த பேரா இருக்கணும். அப்படி ஒண்ணு கிடையாதுன்னுதான நீங்க மேளம் வச்சுக் கொண்டாடினீங்க?”

தவசிலிங்கம் சிவப்பு வரியை இன்னொரு தடவை படித்தார்.

“உன் பேரு மூத்ததுதான?” என்றார் கடைசியில்.

ஏழு வருடத்துக்கு முந்திய நகலை ஜெசிந்தா மடியிலிருந்து எடுத்தாள். “இதுல இருக்கேன். கட்டினவளுக்குக் கைகாட்டி வேண்டாம். ஆனா அழிச்ச பேருக்கு அழிகுறி உண்டு. பெயரகத்தைச் சரிபாக்குத துணைக் கோபுரம் மூணுலயும் அது நிக்கி. நான் ஏத்த ஏத்த அதுக அழிச்சிடும். ‘இந்த நகல் சொல்லுததே செல்லும்’னு தலைவர் ரேகை வச்சா மட்டும் கோபுரங்க அடங்கும்.”

“வச்சா, எனக்குக் கைகாட்டுவியா?”

“காட்டுததுக்கு முதல்ல நான் இருக்கணும்லா அண்ணாச்சி? ஆள் வரட்டும், பேசுவோம்.”

நாற்பது வருடம் பேரம் பேசிய மனிதர். சரக்கைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுத்தவரில்லை. அன்று கொடுத்தார். கட்டைவிரலை அழுத்தினார்.

ஜெசிந்தா என்ற பெயர் பச்சையில் எழுந்தது. கோபுரங்கள் மூன்றும் வாய் திறக்கவில்லை. தவசிலிங்கத்தின் கீழே தொங்கியவர்களை எல்லாம் அவள் தன் கீழே மாட்டினாள். ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சந்தை முழுக்கக் கதவுகள் சடசடவென்று சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. இயந்திர அறைக் கதவும் சாத்திக்கொண்டது.

கடைசியாக இயந்திரம் கேட்டது: ‘தவசிலிங்கம் என்பவரை உங்களுக்குத் தெரியுமா?’

தலையில் மிளகாய் மூட்டையோடு படகிலிருந்து இறங்கி, ‘யக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா’ என்று நின்ற இளவயசுத் தவசிலிங்கத்துக்காக இதே கேள்விக்கு ஒருகாலத்தில் ஆமாம் என்றவள் அவள்.

“ஜெசிந்தாம்மா… தெரியும்னு சொல்லு தாயி. என்ன வேணும்னாலும் கேளு.”

“சேவியரு முகத்தை ஒரு தடவ பக்கத்துல பாக்கணும். முடியுமா?”

அவரிடம் அந்தச் சரக்கு இல்லை.

‘தெரியாது’ என்பதை அழுத்திவிட்டு அவள் எழுந்தாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒரு கதவு அவள் முகத்தைப் பார்த்துத் திறந்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

“அஞ்சு எண்ணுத வரைக்கும் திறந்திருக்கும் அண்ணாச்சி. முதுகோட ஒட்டி வாங்க. மூச்சு மேல படாம பாத்துக்கிடுங்க, அது மட்டும் ஆளுகளுக்குப் பிடிக்காது.”

சந்தையின் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அவள் முதுகில் ஒட்டினார்.

பின்னால் திரையில் மீட்பறிக்கை ஓடி முடிந்தது.

‘முன்பு இருந்த பெயர்கள்: 9,413. நேற்றைய நகலில் மீண்டவை: 9,412. பழைய நகலில் எழுந்தது: 1. மொத்தம்: 9,413. எவரும் விடுபடவில்லை.’