பச்சைக் கிண்ணம்

காலை 6.10. வாசலில் வக்கீல் நாலு அடி வைத்தது, ஐந்தாவதில் விழுந்தது.

வக்கீல் என்பது நாய். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுத்தான் சம்மதிக்கும் என்பதால் அந்தப் பெயர். பார்வையில்லாத எஜமானியை ஆறு வருஷமாகத் தெருவைக் கடக்க வைத்து, பஸ் ஏற்றி, டெலிபோன் ஆபீஸ் நாற்காலி வரை கொண்டுபோய் விடுவது அதுதான். இன்று குடிகாரனைப் போலத் தள்ளாடி, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"வாயில ஏதோ இனிப்பு வாசனை வருதுங்க," என்றாள் அவள்.

அவள் கணவர் டிராயிங் மாஸ்டருக்கு வாசனையை ஆராயப் பொறுமையில்லை. மாடிவீட்டுக்காரன் நேற்றுகூட நாய் குரைக்கிறதென்று கத்தினான். அவனேதான், வேறு யார்? தின்பதில் எதையோ கலந்துவிட்டான். வாசலில் வக்கீலின் தண்ணீர்ச் சட்டி நேற்று நிரப்பியபடியே தளும்பிக்கொண்டிருந்தது.

போனில் கால்நடை டாக்டர் வளைத்துப் பேசவில்லை. "என்ன விஷம்னு தெரிஞ்சா மருந்து இருக்கு. தெரியாம நான் எதைக் குத்துறது? எட்டு மணிக்குள்ள சொல்லுங்க."

6.35. பதற்றத்தில் மாஸ்டர் காரை எடுக்க ஓடியபோது, அதன் அடியிலிருந்த காலிக் கிண்ணம் காலில் தட்டி உருண்டது. வக்கீலைப் பின்சீட்டில் கிடத்திக் கிளம்பினார்கள். காரின் ஏசி செத்து இரண்டு மாதம். கண்ணாடிகளை இறக்கியும் மாஸ்டருக்குச் சட்டை நனைந்தது. பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி.

"அதே வாசனை!" என்று பின்சீட்டிலிருந்து கத்தினாள் மனைவி. மாஸ்டர் மாடிவீட்டுக்காரனைச் சபிப்பதில் மும்முரமாக இருந்தார்.

6.50. எதிரே ஒரு ஒர்க்‌ஷாப், வாசலில் ஒரு வேன். அதை நடத்துகிறவளுக்கு ஸ்பேனர் அக்கா என்று பெயர்.

"மாடிவீட்டுக்காரன் நாய்க்கு விஷம் வெச்சுட்டான், வாசல் சட்டித் தண்ணியக்கூட அது தொடல. உங்க வேன்ல கொண்டுபோய் விடுங்கம்மா, கால்ல விழறேன்!" என்றார் மாஸ்டர்.

"ஏத்துங்க சார்." டார்ச்சை அடித்து இஞ்சினுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவத்தின் பாட்டில் காலி. ஹோஸ் எல்லாம் காய்ந்திருந்தது. தண்ணீர்ப் பம்பின் அடித்துளையிலிருந்து மட்டும் வெள்ளையாக ஒரு கறை காய்ந்து கீழே இறங்கியிருந்தது.

"அக்கா," என்றாள் மனைவி. "இந்த ஆவியிலயும் நாய் வாயிலயும் ஒரே வாசனை."

ஸ்பேனர் அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார், வண்டி எங்க நிக்கும்?"

"ஷெட்டுல."

"தரையில ஈரம்?"

"ஒரு சொட்டு கிடையாது."

"இருக்கணுமே. இந்தப் பம்பு சூட்டுல ஒழுகாது. வண்டி நின்னு ஆறினதும்தான் சொட்டும்."

"ஏசி தண்ணி சொட்டும். அதுக்குத்தான் வக்கீலோட பழைய பச்சைக் கிண்ணத்தை அடியில வெச்சிருக்கேன்."

"காலையில அதுல தண்ணி இருந்துச்சா?"

"காலி."

"ஏசி எப்போ நின்னுச்சு?"

"ரெண்டு மாசம்..."

"ஓடாத ஏசியிலேர்ந்து தண்ணி எப்படி சார் வரும்? அது கூலன்ட். இனிக்கும், ஆனா விஷம். பச்சைக் கிண்ணத்துல பச்சைத் தண்ணி, உங்க கண்ணுல படல. வக்கீல் தன்னோட கிண்ணம்தானேன்னு குடிச்சிருக்கு. அதான் வாசல் சட்டியைத் தொடல." அவள் குரல் இறங்கியது. "மாடிவீட்டுக்காரரை விட்டுடுங்க சார். விஷம் வெச்சது நீங்கதான்."

நிறம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர் அவர். போனை எடுத்தார், டாக்டர் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மனைவி அதைப் பிடுங்கினாள்.

"டாக்டர், கார் கூலன்ட். அஞ்சரைக்குத்தான் வெளிய விட்டேன். அதுக்கப்புறம் குடிச்சிருக்கு."

"நல்லவேளை. மருந்தை எடுத்து வெக்கறேன், பறந்து வாங்க. கிட்னி தாங்கணும்மா. ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

7.05. வேன் பறந்தது. இருவர் மடியிலும் நீளமாகக் கிடந்தது வக்கீல்.

"அங்க ஏன் கிண்ணம் வெச்சீங்க?" என்றாள் மனைவி.

மழுப்பியிருக்கலாம். மாஸ்டரால் முடியவில்லை. "ஷெட்டு வழியாத்தானே நீ தினம் போற. ஈரத்துல வழுக்கி விழுந்துடுவியோன்னு..."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்து, நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"மூச்சு வருதான்னு நீங்க பாருங்க. எனக்குத் தொட்டுப் பார்க்கப் பயமா இருக்கு."