முட்பூ இல்லாத நாற்காலி

என் தங்கை ஹைட்ரூன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். ஒரு வாரமாகவே போட்ஸ்டாமை மூடுபனி விட்டபாடில்லை. இருபத்தாறு வருஷமாக நான் இந்த ஊர் அரண்மனை ஒன்றில் காவல் வேலை பார்க்கிறேன். தன் ஊரான ராஸ்டாக்கிலிருந்து ஒரு தடவைகூட அவள் எட்டிப் பார்த்ததில்லை. இதயத்தில் வால்வு மாற்றி ஆறு வாரம் ஆன பிறகுதான் அம்மணிக்கு அரண்மனை பார்க்கும் ஆசை வந்தது.

"பத்து நிமிஷம் நட, பத்து நிமிஷம் உட்காரு. டாக்டர் சொன்னது அதானே?" என்றேன்.

"நாலு நாள், நாலு அரண்மனை. புலம்பாம கூட்டிட்டுப் போக்கா."

முதல் நாள் மலைமேல் இருக்கும் பெரிய அரண்மனை. பெஞ்சைக் கண்ட இடமெல்லாம் உட்கார வைத்தேன். சமர்த்தாக உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் நான் வேலை பார்க்கும் ஏரிக்கரை அரண்மனை. சின்னதுதான், பதினொரு அறை. வருகிறவர்கள் சப்பாத்துக்கு மேலே கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கிப் போகவேண்டும். 'உட்காராதீர்கள்' என்று பலகை எழுதி வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. நாற்காலியில் ஒரு காய்ந்த முட்பூவை வைத்துவிடுவோம். எந்த மடையனுக்கும் புரியும்.

கடைசி அறை ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. ராஜா வீட்டுச் சாமானே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் முதல் முட்பூ அதற்குத்தான். ஏன் என்று கேட்டால், வாசலில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் எக்கெஹார்ட், "வச்சிட்டுப் போயேன், உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்பார். அன்று பட்டு நாற்காலி ஒன்றின் முட்பூ நொறுங்கிப் போயிருந்தது. இந்த ஓட்டைப் பிரம்புக்கு எதற்கு மரியாதை என்று, இதிலிருந்ததை எடுத்து அதில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

மதியம் கடைசி அறைக்குப் போனபோது ஹைட்ரூன் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"முறைக்காதே. முட்பூ இல்லையே, அதான் உட்கார்ந்தேன்," என்றாள்.

சொல்லி முடிக்கும் முன்பே எழுந்தாள். யாரோ இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதுபோல் எழுந்தாள்.

"யாருக்கா என்னை எழுப்பினது?"

அறையில் நாங்கள் இருவர்தான்.

தேன்மெழுகு வாசனை மூக்கில் ஏறியது, இப்போதுதான் தரையைத் தேய்த்துவிட்டுப் போனதுபோல. நாங்கள் மெழுகு பூசி மூன்று மாதம் ஆகிறது.

சாயங்காலம் என் சமையலறையில் உருளைக்கிழங்கு சூப்பு வைத்தேன். ஹைட்ரூன் உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். கடைசியில் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன். படுக்கையிலும் அதே கதைதான்.

"கண்ணை மூடினா தோள்ல தட்டுறாங்க," என்றாள்.

மூன்றாம் நாள் பூங்காவைச் சுற்றினாள். மூன்றாவது அரண்மனையைச் சுற்றினாள், பிறகு நான்காவதையும். ஆசைப்பட்டுப் பார்த்தது போதும் என்று அவளே சொன்னாள். கால் நிற்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பதற்றம் என்றார் டாக்டர். ஊசியைக்கூட நின்றுகொண்டே போட்டுக்கொண்டாள். இப்படியே இன்னொரு நாள் போனால் அந்த இதயம் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது அவள் காலைப் பார்த்தேன்.

அவள் காலைத் தூக்கி வைக்கவில்லை. கல் பாவிய தெருவில், வெறும் சப்பாத்தோடு, சறுக்கிக்கொண்டு போனாள்.

சர்... சர்... சர்...

"காதுல என்ன சொல்றாங்க தெரியுமாக்கா?" என்று கிசுகிசுத்தாள். "தரை இன்னும் முடியலயாம்."

நான்காம் நாள் அவளை ஏரிக்கரைக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். எக்கெஹார்ட் அவள் நடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முட்பூவை எடுத்தியா?"

தலையாட்டினேன்.

"அது கால்ல கம்பளியைக் கட்டித் தரை தேய்ச்சவளோட நாற்காலி. உயிரோட இருந்தவரைக்கும் அவளை எங்கேயும் உட்கார விடலயாம். தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டா. செத்தப்புறமாவது உட்காரட்டும்னு கூட வேலை பார்த்தவங்க போட்டது. உன் தங்கச்சி அவ இடத்தைப் பிடிச்சுக்கிட்டா. இப்ப அவ வேலையை இவ பாக்குறா."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கடைசி ஆளையும் வெளியே அனுப்பினோம். ஹைட்ரூன் அறை அறையாகச் சறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் கடைசி அறைக்குப் போய் ஜன்னலோரம் நின்றேன். ஏரி தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான்.

"எடுத்தது நான். தப்பு என்னோடது. அவளை உட்கார விடும்மா. நீயும் உட்காரு. ரெண்டு பேருமே உட்காருங்க. இனிமே உன்னை யாரும் எழுப்பமாட்டாங்க."

பிரம்பு நாற்காலி காலியாகவே கிடந்தது.

பக்கத்து அறையில் சர்... சர்... என்ற சத்தம் நின்றது.

ஓடினேன். ஹைட்ரூன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"உட்கார்ந்துட்டேன்க்கா," என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எக்கெஹார்ட் திரும்பி நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலமே ரயில் ஏற்றிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் இரு என்றால் கேட்கவில்லை. வண்டி கிளம்பும் முன்பே ஜன்னல் இருக்கையில் தூங்கிப்போனாள். அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போனதாக ராத்திரி சேதி வந்தது. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை, முட்பூக்களை வைத்து முடித்த கையோடு அவளுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா. எழுந்தாத்தானே சாப்பிட."

"இன்னும் படுக்கையிலயா இருக்க?"

"சோபாவுல. நேத்து வந்து உட்கார்ந்தவதான்."

"கால் வலிக்குதா? நெஞ்சு ஏதாவது செய்யுதா? வாயைத் திறந்து சொல்லேன்டி."

ஹைட்ரூன், குழந்தை விழித்துவிடுமோ என்று பயப்படும் தாயைப்போல, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுக்கா. என் மடியில தூங்கிட்டிருக்கா."