ட்ரிப் விழாத படகுகள்

படகின் ஏணிக் கம்பியை ஈரக் கையால் பிடித்தபோது, எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஒன்று எலக்ட்ரீஷியனின் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை ஏறி இறங்கியது. கையை உதறிக்கொண்டான். காலையிலிருந்து ஸ்பானர் பிடித்த கை, மரத்துப்போயிருக்கும்.

சாயங்கால வெயில் ஏரிமேல் எண்ணெய்போலக் கிடந்தது. டீசல் வாடை, பாசி வாடை, ஒவ்வொரு சொகுசுப் படகின் வயிற்றுக்குள்ளும் குளிர்பெட்டி உறுமும் சத்தம். துறை நெடுகிலும் கரண்ட் கேபிள்கள் கரையிலிருந்து படகுகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. கீழே அவன் தங்கை புருஷன் கழுத்தளவுத் தண்ணீரில் மிதந்தபடி படகின் அடிப்பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், தண்ணி கிச்சுக்கிச்சு மூட்டுதே!"

"உன் மூஞ்சிக்கு அதாவது மூட்டுதேன்னு சந்தோசப்படு மாப்ள."

மாப்பிள்ளை சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சுரண்டும் தகடு கை நழுவி மூழ்கியது.

"மச்சான்... கை..."

எலக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் இந்தப் படகில் ட்ரிப் விழுந்து, கரண்ட் தானாகத் துண்டித்துக்கொண்டே இருந்தது. 'ஆளுங்க வர்ற நேரம்யா, ட்ரிப் விழாம பண்ணு' என்று படகுக்காரர் கத்தினார். கரண்ட் எங்கே கசிகிறது என்று தேட ஒரு நாள் ஆகும். எர்த் வயரை வெட்ட ஒரு நிமிடம். வெட்டினான். ட்ரிப் விழவில்லை. கசிந்த கரண்ட் படகின் இரும்பு வழியே தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

குதித்தால் இவனும் கட்டை. துறைக்குத் தாவி, அந்தப் படகின் கேபிள் ப்ளக்கைப் பிடுங்கினான்.

மாப்பிள்ளை அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

இந்த ஒரு படகா? ட்ரிப் விழுகிறது என்று வந்த எல்லாருக்கும் அதே வைத்தியம். மொத்தம் ஆறு. கைராசிக்காரன் என்று பேர் வேறு.

மெயின் பெட்டி பூட்டியிருந்தது. சாவி ஆபீசில், ஆபீசும் மூடியாகிவிட்டது. ஓடினான். இரண்டாவது ப்ளக். மூன்றாவது. பயம்கூட வரவில்லை. கால்கள் யாருடையவோபோல ஓடின. நாலாவது.

பின்னால் செருப்புச் சத்தம். தங்கை.

"அண்ணே, அவரு ஏன் பேச மாட்டேங்குறாரு?"

"இறங்காத! தண்ணியத் தொடாத!"

தண்ணீர் சிதறியது.

திரும்பினான். ஒரு கையால் புருஷனின் தலைமுடியைப் பற்றியிருந்தாள். மறு கை ஏணிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோயிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

ஐந்தாவது ப்ளக்.

தங்கையின் கை அப்படியே நின்றது.

ஆறாவது படகு எதிர்த்துறையில். நீந்தினால் பத்துக் கைவீச்சு. ஓடினால் ஏரியைச் சுற்ற வேண்டும். அதன் மேல்தட்டில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஒன்றுகூடத் துடிக்கவில்லை.

தண்ணீர் இரண்டு முகங்களிலும் ஏறியது. உதடு. மூக்கு. அவனையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.