திரைக்குப் பின்னால் ஒரு வீடு

எல்லோரும் சினிமாவைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். வாயாடியும் அவள் தம்பி பொடியனும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள்.

அவர்களுடைய அப்பா ஒரு பழைய தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். திரைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. கதவைத் திறந்தால் எதிரே பெரிய திரை. பின்னாலிருந்து பார்ப்பதால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். ராஜா எப்போதும் இடது கையால்தான் வாள் வீசுவார்.

பொடியனுக்கு நான்கு வயது. மதியக் காட்சியின் சத்தத்தில்தான் அவனுக்குத் தூக்கம் வரும். குதிரைகள் ஓடினாலும் கோட்டை இடிந்தாலும் அசைய மாட்டான். சத்தம் நின்றால் மட்டும் விழித்துக்கொள்வான்.

வர வரக் கூட்டம் குறைந்தது. தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். கடைசி நாளில் அவரே பிள்ளைகளைக் கூப்பிட்டு, முன்பக்கம் சோபாவில் உட்காரவைத்தார். பாவம், ஆசையாகத்தான் செய்தார்.

அவர்களுக்கு மனப்பாடமான ராஜா படம்தான் ஓடியது. ராஜா வாளை உருவியதும் பொடியன் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான்.

"இது நம்ம ராஜா இல்ல. தப்புக் கையால சண்டை போடுறாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயாடிக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

புது வாடகை வீட்டில் ஜன்னல் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் ஒரே அமைதி. பொடியனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கண் உள்ளே போய், காய்ச்சலும் வந்துவிட்டது.

"மருந்தை விடத் தூக்கம்தான் முக்கியம். எப்படியாவது தூங்க வைங்க" என்றார் டாக்டர்.

அம்மா தாலாட்டுப் பாடிப் பார்த்தாள்.

"பாட்டு வேணாம்மா. நம்ம வீட்டுச் சத்தம் வேணும்" என்று அழுதான் பொடியன்.

அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தியேட்டர் மூடியதிலிருந்து அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்வதில்லை.

ஒரு மதியம் வாயாடி அறையின் குறுக்கே கயிறு கட்டி, வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டாள்.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"திரை கட்றேன்மா. டேய், நீ அந்தப் பக்கம் போய்ப் படு. நம்ம ராஜா படம் போடப் போறேன்."

பொடியன் சந்தேகத்தோடு படுத்தான். வாயாடி இந்தப் பக்கம் உட்கார்ந்து, தொடையில் தட்டிக் குதிரைகளை ஓடவிட்டாள். தளபதியாகப் பேசினாள். ராணியாக விம்மினாள். பொடியன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு கொள்ளைக்காரன் சிரிக்கும் இடம் வந்தது. வாயாடி சிரித்தாள். அது பூனைக்கு இருமல் வந்ததுபோல இருந்தது.

"அவன் அப்படிச் சிரிக்க மாட்டான்" என்றான் பொடியன். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

இன்னொரு முறை முயன்றாள். தொண்டை கமறியது. இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கனமான, நீளமான சிரிப்பு. அச்சு அசலாக அதே கொள்ளைக்காரன். வாயாடி திரும்பிப் பார்த்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே கொள்ளைக்காரனும் ராஜாவும் நான். நீ மத்தவங்களப் பாத்துக்க" என்றார் மெல்ல.

இருவரும் பேசினார்கள். சண்டை நடந்தது. மழை பெய்தது. கொஞ்ச நேரத்தில் போர்வைக்கு அந்தப் பக்கம் சின்னக் குறட்டை கேட்டது. அம்மா எட்டிப் பார்த்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி தூங்கிட்டான்ப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள் வாயாடி. அப்பா போர்வையையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ராஜா இன்னும் ஊர் திரும்பவில்லை.

வாயாடி வாயை மூடிக்கொண்டாள். தன் முறை வந்தபோது மட்டும் ராணியாகப் பேசினாள். படம் முடியும்வரை அப்பாவைத் தனியாக விடவில்லை.