நான்காவது பெட்டி

ப்ரோமெல் கொண்டுவந்தது மூன்று பெட்டிகள். கெர்லிண்ட் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு திரும்பியபோது மேசையில் நான்கு இருந்தன.

டிசம்பர்ப் பிற்பகல். பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. ஜெர்மனியின் ஸூல் நகரத்தில் அந்த மாதம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.

"இது யாருது?" என்று கேட்டாள்.

"எல்லாம் என்னுதுதான் கெர்லிண்ட்." பழைய துப்பாக்கிச் சாமான் வியாபாரியான ப்ரோமெல் கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வேட்டைக்காரர் வீட்டு ஏலத்துல எடுத்தேன். மூணு."

"நாலு இருக்கு."

"எண்ணத் தெரிஞ்சா நான் ஏன் வியாபாரத்துக்கு வர்றேன்? நாலாவது அசல்னா எனக்கு, பொய்னா உங்க அடுப்புக்கு. உங்க நாக்கே சொல்லட்டும்."

எண்ணெய்க் குப்பி, குழல் துடைக்கும் கம்பி, தூரநோக்கி என்று துப்பாக்கியைச் சுற்றிய சாமான்களைச் சேர்ப்பவர்களுக்கு, அந்தச் சாமான் பிறந்த பெட்டியும் கூடவே வேண்டும். பெட்டியோடு என்றால் விலையே வேறு. அதனால் சாமானைவிடப் பெட்டியில்தான் போலி அதிகம். பிரித்துச் சொல்வது கெர்லிண்டின் தொழில். புறஊதா விளக்கைக் காட்டுவாள். புதுக் காகிதம் நீலமாக விழித்துக்கொள்ளும், பழையது தூங்கும். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். கடைசியாக, மூட்டில் கசிந்து உறைந்த பசையை நாக்கு நுனியால் தொடுவாள். மாட்டுத்தோலைக் காய்ச்சியதா, முயல்தோலையா, தாத்தா காலத்தில் காய்ச்சியதா, போன மாதம் காய்ச்சியதா என்று நாக்கு சொல்லிவிடும். அவள் பொய் என்று சொன்னால் அந்தப் பெட்டியைச் செய்தவனுக்கு எங்கிருந்தாலும் விக்கல் எடுக்கும் என்று ஊரில் பேச்சு. நம்பாதவர்களும் உண்டு. அவர்களும் அவளிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள்.

ப்ரோமெல் போனபின் நான்காவதை எடுத்தாள். எண்ணெய்க் குப்பிப் பெட்டி. வாதுமை மரம், உள்ளே பச்சைக் கம்பளித் துணி. மூலை மூட்டுகள் இடதுபக்கம் சாய்ந்திருந்தன, இடதுகைக்காரன் அறுத்ததைப் போல. பசை விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

நாக்கை வைத்தாள். மாடில்லை. முயலில்லை. உப்புக் கரித்தது.

அந்த மூட்டு எவால்டின் மூட்டு. எவால்ட் அவள் கணவன். உடைந்த பெட்டிகளை ஒட்டுகிறவன், மார்ச் மாதம் கீழ்த்தளப் பட்டறையில் பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று சரிந்தவன். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. அவன் திருட்டுத்தனமாக ஒரு போலியைச் செய்து, வந்திருக்கும் பெட்டிகளுக்கு நடுவே செருகி வைப்பான். அவள் அசல், பொய் என்ற இரண்டில் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அவள் தோற்றதில்லை.

"உன்னை ஒரு தடவையாவது ஏமாத்தாம கண்ண மூட மாட்டேன்டி" என்பான்.

"அப்போ நீ சாகவே போறதில்ல, போ."

பட்டறையை மார்ச்சிலேயே பூட்டிவிட்டாள். சாவி அவள் மேலங்கிப் பையில்தான் இருந்தது. இருந்தும், காலியான வீட்டைப் பார்த்து, பழைய குரலில், பழைய குறும்போடு சொன்னாள்:

"பொய்."

தரைக்குக் கீழே ஒரு விக்கல் கேட்டது.

பிறகு அங்கே பசைச் சட்டியின் மூடி மெல்ல ஆடும் ஓசை தொடங்கியது. கம்பளிச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வேலைப்பலகைக்கும் அடுப்புக்குமாக நடந்தன, அவன் நடக்கிற அதே நடை, வலது காலை ஒரு நொடி தாமதமாக வைக்கிற நடை. அந்த ஓசையோடு சூடான பசையின் வாடை தரைப்பலகை இடுக்குகளில் ஏறிவந்து திரைச்சீலையிலும் ரொட்டியிலும் அவள் தலைமுடியிலும் படிந்தது. அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அன்றைக்கு உருளைக்கிழங்கு உருண்டை பிடித்து, இரண்டு தட்டு வைத்தாள்.

அடுத்த பெட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்னும் நேர்த்தி. காகிதம் விளக்கில் விழிக்கவில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம். பழைய பெட்டிகளில் எலும்பில் செய்வார்கள். ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் வைத்தாள். தலைமுடி கருகும் வாடை. எலும்புதான். ஆனால் மாட்டெலும்பின் கோடுகள் அவளுக்குத் தெரியும், மானெலும்பும் தெரியும். இதன் கோடுகள் மெல்லியவை.

அவளுக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தாள். அசல் என்று ஒரு சொல் சொன்னால் அவன் ஜெயித்துவிடுவான். ஜெயித்தால் போய்விடுவான்.

"பொய்."

கீழே நடை மாறியிருந்தது. ஒரு கால். பிறகு ஏதோ இழுபடும் ஓசை.

ப்ரோமெல் தன் மூன்று பெட்டிகளைத் திரும்ப வாங்கிப்போக வந்தான். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினான்.

"என்ன கெர்லிண்ட், சூப்பா? யாரு விருந்தாளி?"

"வீட்டு ஆளுதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். மேசையில் இரண்டு தட்டைப் பார்த்தான். பெட்டிகளை வாங்கிக்கொண்டு, காப்பி குடிக்காமலே போனான். ப்ரோமெல் இலவசக் காப்பியை வேண்டாமென்றது ஸூலில் அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த பெட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் வந்தது. தூரநோக்கிப் பெட்டி. நீளமானது. தோல் போர்த்தியது. மெல்லிய, வெளிர்ந்த தோல். தையல் ஒழுங்கு. பித்தளை மங்கல். பசை காய்ந்திருந்தது, காலம் போன கசப்புகூட அதில் இருந்தது. விளக்கில் தூங்கியது. மூக்குக்குக் குறை தெரியவில்லை. நாக்குக்கும் தெரியவில்லை.

மூடியைத் தடவினாள். நடுவில் ஒரு குழி. வட்டமாக, நாணயம் அளவு, ஓரம் சுருங்கியது.

அம்மைத் தடுப்பூசித் தழும்பு.

அவன் இடது தோளில் இருந்தது. தூக்கம் வராத நாட்களில் அவள் கட்டைவிரலை வைத்துக்கொள்ளும் இடம்.

கட்டைவிரலை வைத்தாள். பொருந்தியது.

கீழே ஓசை இல்லை. நடை இல்லை. சட்டி இல்லை. வீடே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது.

இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. இனிச் செய்ய அவனிடம் என்ன மிச்சம்? சொல்லிவிட வேண்டும். ஒரு சொல். அவன் படுத்துக்கொள்வான். மண்ணில், முழுசாக இல்லாவிட்டாலும், நிம்மதியாக. வாயைத் திறந்தாள்.

"அ..."

கீழே ஒரு மூச்சு தயாரானது. போய்விடுகிற மூச்சு.

நாளைக்குக் காலை. ஒரு தட்டு. ஒரு கோப்பை. தரைக்குக் கீழே வெறும் தரை.

பெட்டியைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாள். இளஞ்சூடாக இருந்தது.

"பொய், எவால்ட்," என்றாள், அழுதுகொண்டே. "மன்னிச்சுக்கோப்பா. பொய்."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சட்டியின் மூடி ஆடியது.

அவள் சாவியை எடுத்தாள். மார்ச்சுக்குப் பின் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்தாள். படியிறங்கினாள். அவனைப் பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும் பார்க்க வேண்டும்.

அடுப்பு சிவப்பாக எரிந்தது. சட்டி கொதித்தது. முக்காலியில் யாரும் இல்லை. பலகைக்குப் பின்னால் யாரும் இல்லை. பலகையின் மேல், விளக்கு வட்டத்துக்குள், இரண்டு கைகள் மட்டும் இருந்தன, மணிக்கட்டு வரை. வலது கையில் கல்யாண மோதிரம்.

அவள் வந்தது தெரிந்ததுபோல வலது கை ஒரு விரலை மட்டும் அசைத்தது, சந்தையில் தூரத்தில் அவளைக் கண்டால் அசைப்பதைப் போல.

பிறகு இடது கை கத்தியை எடுத்தது. வலது கை மோதிரத்தை மெல்ல உதறிவிட்டு, விரல்களை விரித்து, பலகையில் அந்தக் கத்திக்கு நேராகப் படுத்துக்கொண்டது.