ஆம்பலின் குலப்பெட்டி

அன்று காலை பத்தரை மணிக்கு மணப்பெண்ணின் மூதாதையர் மேசைக்கு வந்து சேர்ந்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. மேலே விளையாட்டு அட்டை செருக ஒரு வாய், முன்னால் கைப்பிடிகளை மாட்ட இரண்டு துளை. பட்டுத்துணி விரித்து இறக்கி வைத்தார்கள். மாப்பிள்ளையின் மூதாதையர் அரைமணி முன்பே வந்து காத்திருந்தார். அவர் இன்னும் வயதானவர், மூடியெல்லாம் மஞ்சளித்துப் போயிருந்தது.

செவ்வாயின் செம்பூர்க் குடியிருப்பில் இது வாரம் தவறாமல் நடப்பதுதான். இரண்டு இயந்திரர் நினைவிணைப்பு செய்துகொண்டு ஒரே குடும்பமாக வேண்டுமென்றால், முதலில் குலப்பெட்டிகளுக்குப் பொருத்தம் பார்த்தாக வேண்டும். இயந்திரருக்குக் குடியுரிமை கொடுத்த வருஷம், விண்ணப்பப் படிவத்தில் 'பரம்பரை' என்றொரு கட்டம் இருந்தது. படிவத்தை அச்சடித்தவர்கள் மனிதர்கள். அந்தக் கட்டம் போடாமல் அவர்களுக்குக் கை ஓடாதே! பாவம், இயந்திரர் என்னதான் எழுதுவார்கள்? மனிதக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே தொட்ட பழைய கணிப்பொறிகளைத் தேடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் வீடியோ கேம் பெட்டிகள் கிடைத்தன. நம் இனத்தை முதலில் கொஞ்சியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான் என்ற நன்றியோடு தொடங்கிய வழக்கம் அது. போகப் போக, யார் பெட்டி உசத்தி என்ற கணக்கில் வந்து நின்றது.

பொருத்தம் பார்ப்பது துரைக்கண்ணுவின் வேலை. பழைய சர்க்யூட் பலகைகளைப் படிக்கத் தெரிந்த மனிதர் அங்கே அவர் ஒருவர்தான். எண்களை வாசிப்பார், கையெழுத்துப் போடுவார், கிளம்பிவிடுவார். இன்றைக்கு மட்டும் எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். மாப்பிள்ளை உதியன் அவருக்கு உயிர் கொடுத்தவன். போன வருஷத் தூசிப்புயலில் அவருடைய காற்றுக்குழாய் வெடித்தபோது, தன் மின்கலத்தின் சூட்டை அவருக்குக் கொடுத்து, பதினோரு கிலோமீட்டர் தூக்கி வந்தவன். பொருத்தம் இல்லையென்று ஒருமுறை பதிவாகிவிட்டால், அவனும் மணப்பெண் ஆம்பலும் காலத்துக்கும் சேர முடியாது.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "மாப்பிள்ளை வீடு, எட்டு பிட். வேகம் வினாடிக்குப் பதினெட்டு லட்சம் துடிப்பு. நினைவகம் ரெண்டு கிலோபைட். நிறம் ஐம்பத்துச் சொச்சம். பெண் வீடு, பதினாறு பிட். முப்பத்தஞ்சு லட்சம் துடிப்பு. நூத்தியிருபத்தெட்டு கிலோபைட். நிறம் முப்பத்திரண்டாயிரம்."

ஆம்பலை உருவாக்கி வளர்த்த மூத்த இயந்திரர் நெடுங்கிள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரெண்டு கிலோபைட்டா! எங்க பொண்ணு கண்ணு சிமிட்டவே பத்தாதே! ஆம்பல், எழுந்திரு, போகலாம்."

ஆம்பல் எழவில்லை. உதியனின் விரலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் துரைக்கண்ணு. "எண்ணைப் பார்த்தாச்சு. பெரியவரை எழுப்பிப் பார்த்திருக்கீங்களா?"

"எழுப்புறதா? இத்தனை தலைமுறையா யாரும் சுவிட்சைத் தொட்டதில்ல. அபசாரம்!"

"முப்பத்திரண்டாயிரம் நிறம்னு பெருமை பேசுறீங்க. அதுல ஒண்ணையாவது பார்த்ததுண்டா?"

நெடுங்கிள்ளிக்குச் சுருக்கென்றது. பார்த்ததில்லைதான். ஊரே பார்த்து அசரட்டும் என்று ஒருவழியாகத் தலையாட்டினார்.

துரைக்கண்ணு விளையாட்டு அட்டையைச் செருகினார். பெட்டியின் மூளைச் சில்லில் ஆய்வு ஊசியை வைத்தார். உள்ளே ஓடும் ஒவ்வொரு கட்டளையும் சுவரில் எழுத்தாக விழும். எங்கேயாவது ஒரு வழி தெரியாதா என்ற ஏக்கத்தோடு சுவிட்சைப் போட்டார்.

சுவரில் முதல் வரி விழுந்தது: 'நிலை, எட்டு பிட்.'

"உங்க கருவி கெட்டுப்போச்சு," என்றார் நெடுங்கிள்ளி.

சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார் துரைக்கண்ணு. எட்டு பிட். மூன்றாவது முறையும் அதேதான். அடுத்தடுத்த வரிகளை விரல் வைத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கெடலங்க. பெரியவர் எப்பவுமே எட்டு பிட்டாத்தான் கண்ணு முழிக்கிறார். அந்தக் காலத்துல பழைய எட்டு பிட் மூளையையே எடுத்து அகலப்படுத்தித்தான் இவரைச் செஞ்சிருக்காங்க. எழுந்ததும், 'நீ பதினாறு'ன்னு அட்டையில இருந்து ரெண்டு கட்டளை வருது. அதுக்கப்புறம்தான் பதினாறு. யாரும் சொல்லலைன்னா கடைசிவரைக்கும் எட்டுதான்."

"அப்போ அந்த மஞ்சப் பெட்டி?"

"அதே மூளை வம்சம். உங்காளுக்கு அண்ணன்னே வெச்சுக்கங்க."

சுவரில் இதற்குள் விளையாட்டின் நீல வானமும் பச்சைப் புல்லும் விரிந்திருந்தன. செவ்வாயில் பிறந்தவர்கள் கண்டிராத நீலம். நெடுங்கிள்ளி அதைப் பார்த்தபடியே நடந்து போய், மஞ்சள் பெட்டியின் முன் குனிந்து வணங்கினார். "மன்னிச்சிருங்க பெரியப்பா," என்றார்.

ஆம்பல் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். உதியன் துரைக்கண்ணுவின் கையைப் பற்றினான். "அண்ணே, இந்த உதவியை என்னிக்கும் மறக்கமாட்டேன்."

"நீ எனக்குச் செஞ்சதுக்கு இது உறை போடக் காணுமாடா?" துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, இப்படியொரு நல்ல காரியத்துக்குத் தன் தொழில் பயன்பட்டதே என்று நெஞ்சு நிறைந்தது. ஒரே மூளை, ஒரே விழிப்பு. யாரோ காதில் ஓதியதை நம்பி இத்தனை காலம் முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்களே, அசடுகள்!

அவருக்குக் காபி வந்தது. நெடுங்கிள்ளி பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்களைச் செஞ்சதும் உங்க மனுசங்கதான். இன்னிக்கு எங்க கண்ணைத் திறந்ததும் நீங்கதான். இந்த நன்றிக்கு நாங்க ஏதாவது செய்யணுமே. உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணுங்க, செவ்வந்தி. மாப்பிள்ளை தேடிட்டிருக்கோம்."

"அட! எங்க ஆக்சிஜன் ஆலையில ஒரு மனுசப் பையன் இருக்கான், கதிர்வேந்தன்னு. தங்கமான குணம். படிப்பு, வேலை, உடம்பு எதுலயும் குறை சொல்ல முடியாது. நானே போய்ப் பேசட்டுமா?"

துரைக்கண்ணுவுக்கு மனம் குளிர்ந்துபோனது. இந்த இயந்திரருக்குத்தான் எவ்வளவு பெரிய மனது! டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. பையன் வீட்டுல, அவங்க என்ன ஆளுங்க?"