மறைந்த கிரேன் உரிமம்

காலை மணி 6.10. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் வாயிலில் மெர்சி தடுத்து நிறுத்தப்பட்டார். கிரேன் ஓட்டும் உரிம அட்டை அவர் கையில் இருந்தது. ஆலையின் கணினியிலோ அந்த உரிமம் இல்லை. அட்டை போலி என்றது நிர்வாகம். வேலை பறிபோகும், வழக்கும் பாயும்.

கூலிக்கு நாற்று நட்ட ஆரம்பாக்கத்துக் குடும்பத்திலிருந்து கிளம்பி, கொதிக்கும் இரும்பைத் தூக்கிச் செல்லும் உயரத்துக்கு ஏறியவர் அந்தப் பெண்! அவரைக் கீழே இறக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

புகாரை விசாரிக்க சைபர் பிரிவு உதவி ஆய்வாளர் சந்திரகலா வந்தார். அட்டை அசலென்றால் பதிவை அழித்தது யார்? எல்லோருடைய ஐயமும் மேற்பார்வையாளர் சாம்சன் மீதே இருந்தது.

"பொம்பளைக்கு கிரேன் இன்னாத்துக்குன்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவர், மறைக்காமல்.

"பதிவை அழிச்சது நீங்களா?"

"வாயால பேசுவேன் மேடம். கம்ப்யூட்டர் பக்கமே போனதில்ல."

அது உண்மை. கடவுச்சொல் மென்பொருளாளர் பரத்திடம் மட்டுமே இருந்தது. அவரும் பதிவைத் தொட்டதற்குத் தடயமில்லை. தொழிலாளர்களின் உரிமங்களையும் சான்றிதழ்களையும் அடுக்கிப் பயிற்சி மையம் வாரந்தோறும் அனுப்பும் எக்ஸ்.எம்.எல். கோப்பை, பரத் எழுதிய நிரல் தானே படித்து, ஆளுக்கொரு பதிவாக மாற்றிவிடும். பூட்டிய அறையில் களவு, நுழைந்தவர் எவருமில்லை!

சந்திரகலாவின் பார்வை மெர்சியின் சட்டையில் நின்றது. அங்கே முதலுதவிப் பயிற்சி முடித்தவர்கள் அணியும் புத்தம்புதிய பேட்ஜ்.

"இது எப்போ வாங்கினது?"

"போன வாரம் மேடம். லீவு நாள்ல பயிற்சி மையத்துக்குப் போய் கத்துக்கினு வந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற ஸ்டீவனும் வந்தாரு. ஒருத்தன் அடிபட்டா நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருக்கறதா?"

ஸ்டீவனுக்கு இன்று விடுப்பு. அவரை வாயிலில் எவரும் சோதிக்கவில்லை. சந்திரகலா பரத்திடம் திரும்பினார்.

"ஸ்டீவன் பதிவைத் திறங்க. ஃபோர்க்லிஃப்ட் உரிமம் இருக்காது. முதலுதவி மட்டும் இருக்கும்."

திறந்தார். அப்படியே இருந்தது.

கோப்பின் அமைப்பை வரையறுக்கும் விதியை, அந்த டி.டி.டி.யை, சந்திரகலா திரையில் நிறுத்தினார். சான்றிதழ் என்ற சொல்லை அடுத்து ஒரு கூட்டல் குறி. ஒன்றேனும் இருக்கும், பலவும் இருக்கலாம் என்பது அதன் பொருள். மையத்தின் கோப்பில் கிரேன், முதலுதவி என மெர்சியின் இரண்டு சான்றிதழ்களும் பத்திரமாக இருந்தன.

"இந்த விதியைப் படிச்சு எழுதினீங்களா, மாதிரிக் கோப்பைப் பார்த்து எழுதினீங்களா?"

பரத் தலை கவிழ்ந்தார். "மாதிரியைப் பார்த்துத்தான் மேடம். அதுல எல்லாருக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு."

பரத்தின் நிரலில், பட்டியல் வேண்டிய இடத்தில் ஒற்றைப் பெட்டி! இரண்டாவது சான்றிதழ் உள்ளே நுழைய, முதலாவது வெளியே விழுந்தது. கூடுதலாகக் கற்றவருக்கே தண்டனை. குற்றவாளி பரத், வஞ்சகத்தால் அல்ல, அவசரத்தால். தொழிலாளி ஒன்றோடு நின்றுவிட மாட்டார் என்று நம்பிக் கூட்டல் குறியிட்டவர் எவரோ, அவர் வாழ்க! அந்த நம்பிக்கையைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த மெர்சியும், அதைப் படிக்கத் தெரிந்த சந்திரகலாவும் வாழ்க!

பரத் பெட்டியைப் பட்டியலாக்கிக் கோப்பை மீண்டும் ஏற்றினார். மெர்சியின் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் எழுந்தன. சாம்சனே வாயிலைத் திறந்துவிட்டார்.

மெர்சி திரையை எட்டிப் பார்த்தார்.

"கீழ இன்னும் எடம் கீதா சார்? வெல்டிங்குக்கும் பேர் குடுத்துகீறேன்."